மேடேறும் வாகனமும் பற்சக்கரக் கணக்கும்

தோட்டப்புற வாழ்க்கையில் நான்கு சக்கர இயக்கமுடைய பிக்கப் வாகனம் இன்றியமையாத இடத்தைப் பெற்றுள்ளது. காலையில் வெட்டிய பாலை உறைந்து போவதற்கு முன் ஆலைக்குக் கொண்டு சேர்ப்பதும், உர மூட்டைகளைக் குன்றுச் சரிவுகளுக்கு ஏற்றிச் செல்வதும், மழைக்காலச் சேற்றுப் பாதையில் நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்கு இட்டுச் செல்வதும் இவ்வாகனத்தின் பணிகளாகும். தோட்ட நிருவாகத்தின் வாகனத்தை ஓட்டுவோர் ஒருபுறமிருக்க, பல்லாண்டு உழைப்பில் சேர்ந்த சேமநிதிப் பணத்தைக் கொண்டு பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, குத்தகை வேலை செய்து பிழைப்போரும் நம்மிடையே உளர்.

இத்தகைய வாகனங்களில் பெரிய டயர் மாட்டுவதும், "மேடேறச் சக்தி போதவில்லை" என்று கூறி டிப்பரன்ஷியல் பற்சக்கரங்களை மாற்றுவதும் இளைஞரிடையே வழக்கமாகி வருகின்றன. சரியான கணக்குடன் செய்தால் இம்மாற்றம் நன்மை தரும். கணக்கின்றிச் செய்தாலோ, கைப்பணம் கரைவதோடு, வாகனத்தில் செல்வோரின் உயிருக்கும் ஊறு நேரக்கூடும். எனவே, அக்கணக்கின் அடிப்படையை நாம் அனைவரும் அறிந்துகொள்வது நலம்.

டிப்பரன்ஷியல் என்ன செய்கிறது?

இஞ்சினில் பிறக்கும் சுழற்சி முதலில் கியர் பெட்டிக்குச் செல்கிறது. அங்கிருந்து, மெக்கானிக்குகள் 'புரொப்பெல்லர் ஷாப்ட்' என்று கூறும் நீண்ட சுழல்தண்டின் வழியாக அச்சை அடைகிறது. அச்சின் நடுவே பூசணிக்காய் போல் உருண்டு புடைத்திருக்கும் பகுதியே டிப்பரன்ஷியல் ஆகும்.

அதன் பணிகள் மூன்று. முதலாவது, நீளவாக்கில் வரும் சுழற்சியைக் குறுக்காகத் திருப்பிச் சக்கரங்களுக்கு அளிப்பது. இரண்டாவது, வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் கூடுதலாகவும் உட்புறச் சக்கரம் குறைவாகவும் சுழல இடந்தருவது. மூன்றாவது, சுழற்சியின் வேகத்தைக் குறைத்து, அதன் இழுவிசையைப் பெருக்குவது. இக்கட்டுரையில் நாம் ஆராய்வது பெரும்பாலும் இந்த மூன்றாவது பணியையே.

சுழல்தண்டின் நுனியில் 'பினியன்' என்னும் சிறு பற்சக்கரம் உள்ளது. அது 'கிரவுன் வீல்' என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பெரிய சக்கரத்தின் பற்களைச் சிறிய சக்கரத்தின் பற்களால் வகுத்தால் வருவதே டிப்பரன்ஷியல் விகிதம். கிரவுன் வீலில் 41 பற்களும் பினியனில் 10 பற்களும் இருப்பின், விகிதம் 4.10 ஆகும். அதாவது, சுழல்தண்டு 4.1 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். 43 பற்களுக்கு 10 பற்கள் என்றால் 4.30, 41 பற்களுக்கு 9 பற்கள் என்றால் ஏறத்தாழ 4.56, 39 பற்களுக்கு 8 பற்கள் என்றால் ஏறத்தாழ 4.88.

மிதிவண்டி ஓட்டியோர்க்கு இதன் உட்பொருள் எளிதில் விளங்கும். பின்சக்கரத்தில் பெரிய பற்சக்கரம் இருந்தால் மேடேறுவது எளிது. ஆனால், சமதரையில் எவ்வளவு மிதித்தாலும் வேகம் கிட்டாது. சிறிய பற்சக்கரம் இருந்தால் சமதரையில் பறக்கலாம். மேட்டில் கால் கடுக்கும். டிப்பரன்ஷியலும் அவ்வாறே. விகித எண் கூடினால் இழுவிசை கூடும், வேகம் குறையும். எண் குறைந்தால் வேகம் கூடும், இழுவிசை குறையும். இரண்டையும் ஒருங்கே கூட்டித் தரும் பற்சக்கரம் உலகில் இல்லை.

வரலாறு தரும் ஒரு பாடம்

1948 ஆம் ஆண்டில் அறிமுகமான லேண்ட் ரோவர் வாகனத்தை நம் தோட்டப்புற முதியோர் நன்கு அறிவர். அவ்வகையில் பின்னர் வந்த சீரீஸ் 2, சீரீஸ் 3 வாகனங்களின் டிப்பரன்ஷியலில் கிரவுன் வீலுக்கு 47 பற்கள், பினியனுக்கு 10 பற்கள், விகிதம் 4.7. வேகம் குறைவு, எனினும், சுமையுடன் மேடேறுவதில் அது பெயர் பெற்றது. அதே நிறுவனம் 1970 ஆம் ஆண்டில் வெளியிட்ட ரேஞ்ச் ரோவர் வாகனத்தில் விகிதம் 3.54. வலிமை மிக்க இஞ்சினுடன் நெடுஞ்சாலையில் விரைந்து செல்வதற்கென அது அமைக்கப்பட்டது.

பிற்காலத்தில் பழைய லேண்ட் ரோவர் உரிமையாளர் சிலர், தம் வாகனத்தில் 4.7 ஐ நீக்கிவிட்டு 3.54 ஐப் பொருத்தினர். நெடுஞ்சாலையில் இஞ்சினின் இரைச்சல் குறைந்தது. அதே வேகத்தில் இஞ்சினின் சுழற்சி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்ததே அதற்குக் காரணம். ஆனால், சக்கரத்திற்குக் கிடைக்கும் இழுவிசையும் அதே நான்கில் ஒரு பங்கு குறைந்தது. பழைய இஞ்சின் மேட்டில் திணறியது. ஒரு வாகனத்திற்குப் பொருந்தும் விகிதம், இஞ்சின் வலிமை வேறுபட்ட மற்றொரு வாகனத்திற்குப் பொருந்தாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடமாகும்.

டயர் பெரிதானால் என்ன நேரும்?

பலர் டிப்பரன்ஷியலைத் தொடவே இல்லை. டயரை மட்டுமே மாற்றினர். எனினும், வாகனம் சக்தி இழந்துவிட்டதாக உணர்கின்றனர். பெரிய டயர் ஒரு முறை சுழன்றால் கூடுதல் தொலைவு செல்லும். ஆகவே, டயரைப் பெரிதாக்குவது டிப்பரன்ஷியல் விகிதத்தைக் குறைப்பதற்கு ஒப்பாகும்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். டயரின் பக்கத்தில் 265/65 ஆர் 17 என்று எழுதியிருந்தால், அகலம் 265 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 65 பங்கு, அதாவது ஏறத்தாழ 172 மில்லிமீட்டர். உள்ளே உள்ள இரும்பு வளையம் 17 அங்குலம், அதாவது 432 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு பக்கச் சுவர்களையும் வளையத்தையும் கூட்டினால், டயரின் மொத்த உயரம் 776 மில்லிமீட்டர். இதற்கு மாற்றாக 285/70 ஆர் 17 டயர் மாட்டினால், உயரம் ஏறத்தாழ 831 மில்லிமீட்டராகும். இது நூற்றுக்கு 7 பங்கு கூடுதல்.

பழைய இழுவிசையை மீண்டும் பெறுவதற்கான சூத்திரம் எளியது: பழைய விகிதத்தைப் புதிய டயரின் உயரத்தால் பெருக்கி, பழைய டயரின் உயரத்தால் வகுக்க வேண்டும். 4.10 ஐ 831 ஆல் பெருக்கி 776 ஆல் வகுத்தால் 4.39 வரும். இந்த எண்ணிலேயே பற்சக்கரம் கிடைக்காமற் போகலாம். அப்போது கடையில் கிடைக்கக்கூடிய 4.30, 4.56 ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

கியர் பெட்டி நேர் இயக்கத்தில், அதாவது ஒன்றுக்கு ஒன்று என்னும் கியரில் இருக்க, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். பழைய டயருடன் 4.10 விகிதத்தில் இஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,240 முறை சுழலும். பெரிய டயரை மாட்டி விகிதத்தை மாற்றாவிடில் 2,095 முறை, 4.30 ஆக மாற்றினால் 2,200 முறை, 4.56 ஆக மாற்றினால் 2,330 முறை. பெரும்பாலும் பட்டணத்திற்கும் தோட்டத்திற்கும் தார்ச் சாலையில் ஓடும் வாகனத்திற்கு 4.30 போதும். நாள்தோறும் பாரத்துடன் மேடேறும் வாகனத்திற்கு 4.56 ஏற்றது.

இஞ்சின் கூடுதலாகச் சுழன்றால் எண்ணெய்ச் செலவும் பொதுவாகக் கூடும். தீபகற்ப மலேசியாவில் 2024 ஆம் ஆண்டு ஜூன் 10 ஆம் நாள் டீசலின் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்ததை நாம் அறிவோம். தேவைக்கு மேற்பட்ட விகிதத்தைப் பொருத்திக்கொள்வோர், நெடுஞ்சாலையில் செல்லும் ஒவ்வொரு நாளும் அதற்கு விலை கொடுக்க நேரும்.

முன்னும் பின்னும் ஒரே விகிதம்

இனிக் கூறப்போவது மிக முக்கியமானது. நான்கு சக்கர இயக்க வாகனத்தில் முன்னச்சுக்கு ஒன்றும் பின்னச்சுக்கு ஒன்றுமாக இரண்டு டிப்பரன்ஷியல்கள் உள்ளன. இரண்டின் விகிதமும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். செலவைக் குறைக்க எண்ணிப் பின்னச்சை மட்டும் மாற்றுவது பெருந்தவறாகும்.

முன்னச்சில் 4.10, பின்னச்சில் 4.30 என்று வைத்துக்கொள்வோம். மேற்கூறிய 776 மில்லிமீட்டர் டயர் 100 மீட்டர் தொலைவைக் கடக்க ஏறத்தாழ 41 முறை சுழலும். அதற்குள் முன்பக்கத்துச் சுழல்தண்டு 168 முறையும், பின்பக்கத்துச் சுழல்தண்டு 176 முறையும் சுழன்றாக வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தில் இவ்விரு தண்டுகளும் துணைக் கியர் பெட்டியில் ஒன்றாகப் பிணைக்கப்பட்டுள்ளன. 168 உம் 176 உம் எவ்வாறு ஒன்றாகும்? சேற்றில் டயர் வழுக்கி அந்த வேறுபாட்டை ஒருவாறு ஈடுசெய்யும். கெட்டியான தரையிலோ டயர் தேயும், தண்டு முறுகும், கியர் கோல் சிக்கிக்கொள்ளும். இறுதியில் துணைக் கியர் பெட்டி உடையும். இறக்கத்தில் அவ்வாறு உடைந்தால் விளைவு என்னவாகும் என்பதைக் கூற வேண்டுவதில்லை.

பழைய வாகனம் வாங்குவோர் இதனைத் தவறாது சோதிக்க வேண்டும். முந்திய உரிமையாளர் உடைந்த அச்சுக்கு மாற்றாக, பழைய உதிரிப்பாகக் கடையிலிருந்து வேறு விகிதமுடைய அச்சு ஒன்றை வாங்கிப் பொருத்தியிருக்கலாம். இரு சக்கர இயக்கத்தில் ஓட்டிப் பார்க்கும்போது எக்குறையும் தென்படாது.

எண்ணிப் பார்க்கும் முறை

விகிதத்தை அறிய அச்சைப் பிரிக்க வேண்டுவதில்லை. சமமான கெட்டித் தரையில் வாகனத்தை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். பின்னச்சை ஜாக்கியால் தூக்கி, இரு பக்கமும் உறுதியான தாங்கிகளில் அமர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வாகனத்தின் அடியில் ஒருவரும் செல்லலாகாது. கியரை நடுநிலையிலும் துணைக் கியரை இரு சக்கர இயக்கத்திலும் வைத்துக் கைப்பிரேக்கைத் தளர்த்த வேண்டும்.

சுழல்தண்டிலும் ஒரு சக்கரத்திலும் சுண்ணக்கட்டியால் கோடிட்டுக்கொள்க. ஒருவர் மறுபக்கத்துச் சக்கரத்தை அசையாது பிடித்திருக்க, மற்றொருவர் கோடிட்ட சக்கரத்தை 20 முறை சுழற்றட்டும். மூன்றாமவர், தண்டு எத்தனை முறை சுழல்கிறது என்று எண்ணட்டும். ஒரு சக்கரம் அசையாதிருக்கும்போது மற்றது இரு முறை சுழன்றால்தான் கிரவுன் வீல் ஒரு முறை சுழலும். ஆகவே, சக்கரத்தின் 20 சுற்று கிரவுன் வீலின் 10 சுற்றுக்குச் சமம். தண்டு 41 முறை சுழன்றால் விகிதம் 4.1, 43 முறை சுழன்றால் 4.3, நாற்பத்தைந்தரை முறை சுழன்றால் 4.56.

பின்னர் முன்னச்சையும் இவ்வாறே சோதிக்கலாம். அப்போது பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் சக்கரக் குடங்களில் பூட்டு இருப்பின் அதனைப் பூட்டிக்கொள்ள வேண்டும். முன்னச்சு தானே விலகிக்கொள்ளும் அமைப்புடைய வாகனங்களைப் பட்டறையில் சோதிப்பதே நன்று. பின் சக்கரம் தானே பூட்டிக்கொள்ளும் வகை டிப்பரன்ஷியலுக்கும் இம்முறை பொருந்தாது. இதற்கெல்லாம் செலவு ஏதுமில்லை. அரை மணி நேர உழைப்பு போதும். ஆனால், ஆயிரக்கணக்கான வெள்ளி இழப்பை இது தடுக்கக்கூடும்.

மாற்றம் உண்மையிலேயே தேவையா?

டயரை மாற்றாத வாகனம் மேடேறத் திணறினால், முதலில் கவனிக்க வேண்டியது துணைக் கியரை. அதில் 'ஹை', 'லோ' என இரு நிலைகள் உள்ளன. முதற்கியர் விகிதம் 4, 'லோ' விகிதம் 2.5, டிப்பரன்ஷியல் 4.10 என்று கொண்டால், மூன்றையும் பெருக்க 41 வரும். இஞ்சின் நிமிடத்திற்கு 1,000 முறை சுழலும்போது, வாகனம் மணிக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில், மனிதன் நடப்பதிலும் மெதுவாக ஊர்ந்து ஏறும்.

'லோ' நிலை இழுவிசையை இரண்டரை மடங்காக்குகிறது. டிப்பரன்ஷியலை 4.10 இலிருந்து 4.56 ஆக மாற்றுவதோ நூற்றுக்கு 11 பங்குதான் கூட்டுகிறது. 'லோ' நிலையைப் பயன்படுத்தாமல், 'ஹை' நிலையிலேயே கிளட்சை அரைத்து அரைத்து மேடேறுவோர், வாகனத்தில் ஏற்கெனவே இருக்கும் வசதியைப் பயன்படுத்தாமல் புதிய செலவை நாடுகின்றனர். ஆனால், பகுதிநேர நான்கு சக்கர இயக்கமுடைய வாகனத்தில், காய்ந்த தார்ச் சாலையை அடைந்தவுடன் இரு சக்கர இயக்கத்திற்கு மாற்றிவிட மறத்தலாகாது.

மற்றொரு தவறான எண்ணமும் உண்டு. சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வீணே சுழல, மற்றது அசையாது நிற்பதைக் கண்டு, விகிதத்தை மாற்றினால் இக்குறை நீங்கும் என்று சிலர் கருதுகின்றனர். அது விகிதத்தின் குறையன்று. பிடிப்பு குறைந்த சக்கரம் தாங்கும் விசைக்கு மேல் மறு சக்கரத்திற்கும் அளிக்க இயலாமை சாதாரண டிப்பரன்ஷியலின் இயல்பாகும். அதற்கு மருந்து, தேயாத சேற்று டயரும், நிதானமான ஓட்டமும், தேவையானால் டிப்பரன்ஷியல் பூட்டுமே.

பெரிய டயர் மாட்டியபின் திணறும் வாகனத்திற்கோ, பழைய அளவு டயருக்கே திரும்புவதுதான் பெரும்பாலும் மலிவான வழி. டிப்பரன்ஷியலை மாற்றுவதென்றால் இரண்டு அச்சுகளுக்கும் பற்சக்கர இணைகள், தாங்குருளைகள், எண்ணெய் அடைப்பான்கள், கூலி என்று செலவு இரட்டிப்பாகும். அன்றியும், விகித எண் கூடக்கூடப் பினியனின் பற்கள் குறைந்து, பினியனும் பொதுவாகச் சிறுத்துவிடும். 8 பற்களுடைய பினியன், பெரிய டயரின் அதிர்ச்சியைத் தாங்குவதில் 10 பற்களுடைய பினியனுக்கு ஈடாகாது.

மாற்றுவோர் கவனிக்க வேண்டியவை

ஆராய்ந்து பார்த்து மாற்றியே தீர வேண்டும் என்று முடிவு செய்வோர் கீழ்வருவனவற்றை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒன்று: கிரவுன் வீலும் பினியனும் ஓர் இணையாகவே தயாரிக்கப்படுபவை. ஓர் இணையின் கிரவுன் வீலுடன் மற்றோர் இணையின் பினியனைச் சேர்த்தல் கூடாது.

இரண்டு: பற்களுக்கிடையே உள்ள இடைவெளியும், பினியன் உட்செல்லும் ஆழமும் மெல்லிய தகடுகளால் சரிசெய்யப்படுகின்றன. பற்களில் வண்ணப்பசை பூசிச் சுழற்றி, அவை ஒன்றையொன்று தொடும் இடத்தைப் பார்த்த பின்னரே மூட வேண்டும். இதற்குரிய அளவுகருவி இல்லாத பட்டறையில் இவ்வேலையைக் கொடுத்தலாகாது.

மூன்று: தயாரிப்பாளர் குறிப்பிட்ட டிப்பரன்ஷியல் எண்ணெயையே ஊற்ற வேண்டும். முதல் 800 கிலோமீட்டர் வரை பாரம் ஏற்றாமலும் அதிவேகம் இன்றியும் ஓட்டி, பின்னர் எண்ணெயை மாற்றுவது பற்சக்கரங்களின் ஆயுளைக் கூட்டும்.

நான்கு: வேகமானியைத் திருத்தியமைக்க வேண்டும். மேற்கூறிய பெரிய டயருடன் வேகமானி 80 காட்டும்போது, வாகனம் உண்மையில் ஏறத்தாழ 86 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஐந்து: மாற்றத்திற்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளையும் காப்புறுதி நிபந்தனைகளையும் கேட்டறிதல் வேண்டும். தோட்ட நிருவாகத்தின் வாகனமாயின், ஓட்டுநர் தாமாக எதையும் மாற்றாது குறையை நிருவாகத்திடம் தெரிவிப்பதே முறை.

இறக்கத்தை மறவாதீர்

மேடேறுவதைப் பற்றியே பலரும் பேசுகின்றனர். ஏறிய வாகனம் இறங்கியும் ஆக வேண்டும். 1,000 லிட்டர் பால் ஏறத்தாழ ஒரு டன் எடையுடையது. தொட்டி பாதி நிறைந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போது பால் முன்னோக்கிப் பாய்ந்து வாகனத்தைத் தள்ளும். அவ்வேளையில் வாகனத்தைத் தடுத்து நிறுத்துவது பிரேக் மட்டுமன்று. தாழ்ந்த கியரில் இஞ்சின் தரும் தடுப்பாற்றலும் ஆகும். டிப்பரன்ஷியல் விகிதத்தைச் சரிக்கட்டாமல் டயரை மட்டும் பெரிதாக்கினால், இஞ்சினின் தடுப்பாற்றல் குறைகிறது. அதே அளவு மிதிக்குப் பிரேக்கின் பிடிப்பும் நூற்றுக்கு 6 பங்குக்கு மேல் குறைகிறது. விகிதத்தைச் சரிசெய்தால் இஞ்சின் தடுப்பாற்றல் மீளும். பிரேக்கின் குறை அப்படியே இருக்கும்.

ஆகவே, இறங்கத் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். செங்குத்தான செம்மண் இறக்கத்தில் 'லோ' நிலையே பாதுகாப்பானது. பால் தொட்டியின் மேலும் பாரத்தின் மேலும் தொழிலாளர்களை ஏற்றிச் செல்வது எந்நிலையிலும் கூடாது. எத்தகைய பற்சக்கரமும் அவர்களைக் காப்பாற்ற இயலாது.

பெரிய டயரும் புதிய பற்சக்கரமும் வாகனத்திற்குக் கம்பீரத்தை அளிக்கலாம். ஆனால், தோட்டப் பாதையில் குடும்பத்தைக் காப்பாற்றும் வாகனத்திற்குத் தேவை கம்பீரமன்று. பாரத்திற்கும் பாதைக்கும் இஞ்சினுக்கும் ஏற்ற பொருத்தமே. ஒரு தாளும் பென்சிலும் கொண்டு டயரின் உயரத்தையும் விகிதத்தையும் முதலில் கணக்கிடுக. சுண்ணக்கட்டியால் கோடிட்டு இரு அச்சுகளையும் எண்ணிப் பார்க்குக. துணைக் கியரை முறையாகப் பயன்படுத்திப் பழகுக. அதன் பின்னரும் தேவை இருந்தால் மட்டுமே பணப்பையைத் திறப்பது அறிவுடைமையாகும்.